விரலுக்குத் தெரியாத சூடு

என் வீட்டுக்காரர் ஏழு மாதமாகப் பன்னிரண்டு பிணங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பிணம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

பயந்துவிடாதீர்கள், விதைகளைச் சொல்கிறேன். பெரிய ஓட்டல் வாசல்களில் விசிறியை விரித்து வைத்தது போல நிற்குமே, அந்த அலங்காரப் பனையின் விதை. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. கீழே போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, தரையில்தான் கீறல் விழும்.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒட்டிக்கொண்டிருந்தவர் என்று சொல்ல வேண்டும். டைல்ஸ் வெட்டுகிற மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாவது விரலை மடக்க முடியாது, நீட்டியது நீட்டியபடி நிற்கும். அதற்குப் பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "வை" என்பார். குளிக்கச் சொன்னால் "ம்" என்பார். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள்? நடத்தினேன். வேறென்ன செய்ய?

எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறாகிவிடும் வீடு வந்து சேர. வரும்போது கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது.

அப்போதுதான் நர்சரிக்காரர் வந்தார். அவர் வீட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்தது இவர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"மேஸ்திரி, இந்தச் சனியனை எங்களால முளைக்க வைக்க முடியல. மூணு தடவ போட்டாச்சு. இதுக்குப் பொறுமை வேணும், என் ஆளுங்ககிட்ட அது மருந்துக்கும் கிடையாது. பன்னெண்டு இருக்கு. நாலு முளைச்சாப் போதும், என் நாத்து ஷெட்டு உங்க பொறுப்பு."

"எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டார் இவர். மூன்று மாதத்தில் நான் கேட்ட புது வார்த்தைகள்.

"மூணு மாசத்துல வந்தாலும் வரும். ஒரு வருஷம் ஆனாலும் ஆகும். அது இஷ்டம்."

மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டை விரலுக்கும் அந்த மடங்காத விரலுக்கும் நடுவில் விதையை இடுக்கிக்கொண்டு, இடது கையால் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பார். உள்ளே வெள்ளை லேசாகத் தெரிய வேண்டும், ஆனால் வெள்ளையில் கீறல் படக்கூடாது. ஒரு விதைக்கு ஒன்றரை நாள். அந்தச் சத்தம் பல்லைக் கூச வைக்கும். பொறுத்துக்கொண்டேன். மனிதர் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரே, வேறென்ன வேண்டும் எனக்கு!

தேய்த்து முடித்ததும் மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சூடு போகாமல் இருக்க ஃபிளாஸ்க்கில் போட்டார். அந்த ஃபிளாஸ்க் மூடி ஒற்றைக் கைக்கு மசியாது.

"காலையிலயும் சாயங்காலமும் தண்ணி மட்டும் நீ மாத்திடு. விரல விட்டா வெதுவெதுன்னு இருக்கணும், அவ்ளோதான்."

முதல் நாள் காலை. கண் பாதிதான் திறந்திருந்தது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர் கலந்தேன். விரலை விட்டேன். வெதுவெதுவென்றுதான் இருந்தது. விதைகள் மேல் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அவர் தேங்காய் நார்த்தூள் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மூடியைத் திறந்தேன். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் ஆவி! அவித்த கடலை வாசனை. ஒரு விதையை எடுத்துப் பார்த்தேன். தேய்த்த இடத்தில் வெள்ளை போய்ப் பழுப்பாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை முழங்கையின் உள்பக்கம் ஊற்றினேன். ஐயோ என்று கத்திவிட்டேன்.

சலவைக்கூடத்தில் எனக்கு 'இடுக்கி' என்று பெயர். ஆவி பறக்கிற விரிப்பை மற்றவர்கள் ஊதி ஊதி எடுப்பார்கள், நான் வெறுங்கையால் மடித்து அடுக்குவேன். அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன், மடச்சி. என் விரல்கள் செத்துப்போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் நார்த்தூள் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"பசங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

மூன்று நாள் ஊறியதும், அந்தப் பழுப்பை ஊறிய நிறம் என்று நினைத்துக்கொண்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈர நார்த்தூளைப் பரப்பி, விதைகளைப் புதைத்து, ஃபிரிட்ஜ் தலையில் வைத்தார். அங்கேதான் எப்போதும் கதகதப்பாம். காலையில் எழுந்ததும் மூடியைத் திறப்பார், தண்ணீர் தெளிப்பார், மூடுவார். பக்கத்தில் நின்று நானே கேட்பேன், "ஏதாச்சும் தெரியுதா?" என்று. என் நாக்கை என்ன செய்தால் தகும்!

சும்மாவும் இருக்கவில்லை. வேறு விதை வாங்கி யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று நர்சரிக்குப் போனேன். இருந்ததே அந்தப் பன்னிரண்டுதானாம், மரம் இனி அடுத்த வருஷம்தான் காய்க்குமாம். திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பேன். காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டே டப்பாவிடம் போவதைப் பார்த்தால் அந்த 'நாளைக்கு' இன்னொரு நாள் தள்ளிப் போய்விடும். அப்படியே ஏழு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முழங்கால் வீங்கியது. எரிச்சலில் பாத்திரங்களைப் போட்டு உடைக்கலாம் போலிருக்கும், அதற்கும் தெம்பு இருக்காது.

போன வாரம் என் தம்பி வந்தான். அவன் வேலை பார்க்கிற கிடங்கில் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் பதிகிற வேலை ஒன்று காலியாம். இடது கை போதுமாம்.

"ஏன் மாப்ள, எனக்குத்தான் வேலை இருக்கே. இன்னும் அஞ்சு மாசம் கெடு இருக்கு, அதுக்குள்ள முளைச்சிரும்" என்றார் இவர்.

தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, வெள்ளிக்கிழம வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும். நாலு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. மாமாகிட்ட நீயாவது எடுத்துச் சொல்லு."

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஆறு மணிக்கு உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருந்தால் வாய் மூடிக்கொண்டுவிடும் என்று நின்றபடியே சொன்னேன்.

"அது முளைக்காதுங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத்தாங்க தெரியும். நான்தான் அவிச்சேன்."

சிரித்தார். ஃபிளாஸ்க்கை, விரலை, முழங்கையை, எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. டப்பாவை இறக்கினார். ஒரு விதையை எடுத்து வாசற்படியில் வைத்து, அந்த வலது கையாலேயே சுத்தியலை எப்படியோ பிடித்து அடித்தார். உள்ளே கறுத்துக் கூழாகியிருந்தது, ஒரே நாற்றம். இன்னொன்று. இன்னொன்று. நாலாவதையும் உடைத்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தண்ணி ஊத்தினது தப்பில்ல. உன் கை மரத்துப்போச்சு, என் கைக்கு விரலே இல்ல. யாரைச் சொல்றது? ஆனா ஏழு மாசம் பக்கத்துலயே நின்னு பாத்தியே. அது எப்படி முடிஞ்சுது உன்னால?"

எனக்கு வந்ததே கோபம்!

"சொல்லியிருந்தா மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீங்க! அங்க அத்தனை துணி மூட்டையையும் தூக்கிட்டு இங்க வந்து உங்களையும் தூக்கணுமா? என்னால முடியலைங்க. நீங்க எழுந்து உட்கார்ந்தீங்க, பேசுனீங்க, எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"அப்ப எனக்காக மறைக்கல."

"இல்ல. எனக்காகத்தான்."

அவர் உடைந்த ஓடுகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். பிறகு, "உன் தம்பிக்குப் போனப் போடு" என்றார்.

போட்டு அவர் கையில் கொடுத்தேன். தம்பியின் குரல் எனக்கும் கேட்டது. அந்த வேலைக்கு வருவதாக இவர் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நெசமாவா மாமா? அப்ப அந்த விதை என்னாச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். அடுத்து என் பெயர்தான் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கெட்டுப்போச்சு மாப்ள. நான்தான் சரியாத் தேய்க்கல."

ஒரு விதைக்கு ஒன்றரை நாள் தேய்த்த மனிதர் அவர். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி அழுதேன்.