எகுவே மாளிகை பார்க்கப் போனது

எகுவே வாத்தியாருக்குக் கண் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி முதலில் ஓரங்கள் மங்கின, அப்புறம் நடுவும் போய்விட்டது. அதுவரை கடலோரத் தலைநகரமான லோமேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். பிறகு தங்கை அயேலேயின் வீட்டோடு வந்து தங்கிவிட்டார்.

கடற்கரைச் சாலையில் ஜனாதிபதிகள் இருந்த பழைய மாளிகையைச் சுத்தம் செய்து அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து அவருக்கு அங்கே போகவேண்டும். முதலில் சும்மா சொன்னார். பிறகு சாப்பிடும்போதெல்லாம் சொன்னார்.

"கண்ணு தெரியாம அங்க போயி என்னண்ணா பண்ணப்போற?" என்று அயேலே கேட்டாள்.

"கண்ணு இருந்தப்போ கதவு மூடிக் கிடந்துச்சு. இப்ப கதவு திறந்திருக்கு. ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் நான் காத்திருக்க முடியுமா?"

அயேலே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மெசான் அக்குமே என்கிற மக்காச்சோளக் களியை உருட்டி மீன் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நீதான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"சனிக்கிழமை எனக்கு வியாபாரம் இருக்கு."

"உன் பழைய டயரு எங்கயும் உருண்டு போயிடாது."

மெசான் டயர் வியாபாரி. வழுக்கையான டயரைக்கூட, "இது மழைக்காலத்துக்குன்னே செஞ்சது, தண்ணி ஒட்டாது" என்று சொல்லி விற்றுவிடுவான். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். அவர்களுக்கும் இன்னொரு டயரை விற்று அனுப்புவான். மற்றபடி நல்லவன். மச்சானை ஒரு நாளும் பாரமென்று நினைத்ததில்லை.

சனிக்கிழமை எகுவே இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். ஒரே பைக் டாக்ஸியில் ஓட்டுகிறவனோடு மூவராக நெருங்கி உட்கார்ந்து போனார்கள். வாசலில் இறங்கியதும் எகுவே கொஞ்ச நேரம் நகரவே இல்லை. அந்தக் காலத்தில் இந்தச் சாலையில் போகிறவர்கள் பேச்சைக் குறைத்து, நடையைக் கூட்டிப் போய்விடுவார்கள். மரங்களுக்கு மேலே தெரியும் கூரை நுனியைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை.

"நெசமாவே உள்ள விடறாங்களா?" என்று கேட்டார்.

"சீட்டு வாங்கியாச்சு மச்சான், வா."

உள்ளே போனதும் மெசான் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜனாதிபதி வீடென்றால் நாற்காலி மேஜை, பட்டுத்திரை, தொங்கு விளக்கு என்று ஏதாவது இருக்க வேண்டாமா? வெள்ளைச் சுவர்கள்தான் இருந்தன. அதில் கோணல்மாணலாய் நாலைந்து படங்கள். இதைப் பார்க்கவா இந்த மனுஷன் இத்தனை நாள் துடித்தார்?

"என்ன இருக்கு மாப்ளே?" எகுவே அவன் முழங்கையைப் பிடித்திருந்தார். முகத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவரின் களை.

மெசானின் வாய் தானாகத் திறந்தது. "அடேயப்பா! சிம்மாசனம் மச்சான். சிவப்பு வெல்வெட்டு. கைப்பிடியில ரெண்டு பக்கமும் சிங்கத் தலை, தங்க முலாம்."

"வாய் திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"சிங்கமா? திறந்திருக்கு. பல்லெல்லாம் தந்தம்."

எகுவே மெல்லச் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மெசானுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆளுயரக் கண்ணாடி வந்தது. யாரோ வெளிநாட்டு ராஜா கொடுத்த கடிகாரம் வந்தது. அடுத்த அறைக்குப் போனபோது அது படுக்கையறையாகிவிட்டது.

"கட்டில்னா கட்டில். நம்ம வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் படுக்கலாம். பட்டுல கொசுவலை."

"பக்கத்துல டெலிபோன் உண்டா?"

"மூணு. ஒண்ணு சிவப்பு."

அறையின் ஓரத்தில் பணிப்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். சட்டையில் எஞோனம் என்று பெயர் குத்தியிருந்தது. எகுவேயின் கறுப்புக் கண்ணாடியையும் கைத்தடியையும் பார்த்து அருகே வந்தாள்.

"ஐயா, இதை நீங்க தொட்டுப் பார்க்கலாம். செஞ்சவரே தொடலாம்னுதான் சொல்லியிருக்காரு."

"கட்டிலையா?" என்றார் எகுவே.

"கட்டிலா?"

மெசான் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், உதட்டில் விரலை வைத்தான். அவளுக்குப் புரியவில்லை. எகுவேயின் கையை மரியாதையாகப் பிடித்து எதிரே இருந்ததன் மேல் வைத்தாள்.

உத்தரத்திலிருந்து ஒரு பெரிய மீன்வலை தொங்கியது. அது நிறையக் கரையில் ஒதுங்கிய பழைய ரப்பர் செருப்புகள். எகுவேயின் விரல்கள் வலைக் கண்ணியில் நுழைந்து ஒரு செருப்பைத் தடவின. அறுந்த வாரைத் தொட்டன. இன்னொன்றுக்குப் போயின. சின்னக் குழந்தையின் செருப்பு.

"இது செருப்பு" என்றார்.

பணிப்பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த ரூம்ல கட்டில் இருக்கா?"

"இல்லைங்கய்யா."

"அந்த ரூம்ல சிம்மாசனம்?"

"அங்க படங்கதான் இருக்கு."

எகுவே கையை எடுத்துக்கொண்டார். மெசானைத் தொடாமல், தடியைத் தட்டித்தட்டி வந்த வழியே நடந்தார். கதவு நிலையில் தோள் இடித்தது. நிற்கவில்லை. வெளியே படிக்கட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

மெசான் ஓடிவந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான். "கோவிச்சுக்காத மச்சான். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் சுவரு. இவ்ளோ ஆசையா வந்தியே, எப்படிச் சொல்றதுன்னு..."

"தங்கச் சிங்கத்தை நான் வீட்லயே, என் பாயில படுத்துக்கிட்டே செஞ்சுக்குவேன்டா. அதுக்கு நீ எதுக்கு? பார்க்காத ஊரு, பார்க்காத ஆறு எல்லாத்தையும் பசங்க கண்ணு முன்னால நிறுத்தினவன் நான். நினைச்சுப் பார்க்கறதுல எனக்கு என்ன குறை?" தடியால் படியைத் தட்டினார். "உன் கண்ணை ஒரு மணி நேரம் கடன் கேட்டேன். நீ வாயைக் குடுத்திருக்க."

மெசான் தலையைச் சொறிந்தான். திட்டுக்கு அவன் பழகினவன். ஆனால் இது டயர் வாங்கினவன் திட்டுவதுபோல் இல்லை.

"தப்புதான் மச்சான்" என்றான்.

 கடற்காற்று எகுவேயின் சட்டையைப் படபடக்க வைத்தது. பிறகு தடியை ஊன்றி எழுந்தார்.

"வா. முதல் ரூம்லேருந்து. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லு."

உண்மையைச் சொல்ல மெசானுக்கு வாய் வரவேயில்லை. "சுவரு. வெள்ளை. ஒரு படம். நீலம்." அவ்வளவுதான். எகுவே விடவில்லை. என்ன நீலம்? ஆளா, மரமா? கூரை எவ்வளவு உயரம்? மெசான் கிட்டப் போய்ப் பார்த்தான், எட்ட வந்து பார்த்தான். "ஆளுதான்னு நினைக்கிறேன். ஆனா முதுகைக் காட்டி நிக்குது. மூஞ்சியை வரையத் தெரியல போல." எகுவேக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தோடேயே.

செருப்பு வலையிடம் அவன் தானாகவே நின்றான். "எல்லாம் ஒத்தைக்கால் செருப்பு மச்சான். ஒண்ணுக்கும் ஜோடியில்ல." சற்றுப் பொறுத்து, "ஒண்ணு என் டயர் மாதிரியே தேய்ஞ்சிருக்கு" என்றான்.

மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. எகுவே காற்று வந்த பக்கம் திரும்பினார்.

"இங்கேருந்து என்ன தெரியுது?"

"கடல். கப்பலுங்க நிக்குது. இந்தப் பக்கம் ரோடு."

"ரோட்டுல போறவங்க தெரியறாங்களா?"

"ம். ஒரு அம்மா தலையில கூடை வெச்சிருக்கு. பச்சைத் துணி கட்டியிருக்கு. சிரிக்குது, பக்கத்துல யாரோடயோ பேசி."

"சிரிக்கறது வரைக்கும் தெரியுதா?"

"பல்லு வரைக்கும் தெரியுது."

எகுவே ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாங்கதான் இங்க இருந்த ஜனாதிபதிங்களைப் பார்க்கல. அவங்க எங்களைத் தினமும் பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க" என்றார். அப்புறம் வெகுநேரம் அங்கேயே நின்றார். மெசான் அவரை அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். தங்கக் கட்டில் இருந்ததா என்று கேட்டார்கள். எகுவே வெள்ளைச் சுவரைச் சொன்னார், முதுகு காட்டும் நீல மனிதனைச் சொன்னார், செருப்பு வலையைச் சொன்னார். "செருப்பைப் பார்க்கவா சீட்டு வாங்கினீங்க?" என்று ஒருவர் கேலி செய்தார். எல்லாரும் மெசானைப் பார்த்தார்கள். கதை சொல்கிறவன் அவன்தானே.

"வாத்தியார் சொன்னதுதான் இருந்துச்சு" என்றான் மெசான்.

அயேலேயால் நம்பவே முடியவில்லை. அன்றிரவு புருஷன் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மழைக்காலம் முடிந்து அங்கே வேறு கண்காட்சி வைத்தபோது எகுவேயைக் கூட்டிப் போகும்படி மெசானிடம் யாரும் சொல்லவில்லை. மெசானே காலையில் கடையை மூடிவிட்டு வந்து, "மச்சான், சட்டையை மாத்து" என்றான்.