ஆளுக்கு இரண்டு டப்பா

ஸ்டிக்கர் அக்கா மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய கடையில், தேதி முடியப்போகும் சரக்குக்கு விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. விற்காதது குப்பைத் தொட்டிக்குப் போகும். ஆறு மணிக்கு மேனேஜர் தொட்டியைத் தராசில் ஏற்றுவார். இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே இரண்டு தடவை தாண்டிவிட்டது.

"மூணாவது தடவைன்னா வீட்டைப் பார்த்துக் கிளம்பும்மா" என்று சொல்லியிருந்தார். வீட்டில் புருஷன் கால் ஒடிந்து படுத்திருக்கிறான். கிளம்பி என்ன செய்ய?

அன்றைக்குத் தேதி முடிகிற தயிர் மட்டும் நானூறு டப்பா.

மூன்று மணிக்குப் பாதி விலை ஒட்டினாள். ஒன்றுகூட நகரவில்லை. ஐந்துக்குக் கால் விலையாகும் என்று ஊருக்கே தெரியும். அதற்காகவே ஒரு பட்டாளம் கூடையோடு காத்து நின்றது. அதில் ஒரு பெரியவர், நின்ற நேரத்தில் பேத்திக்கு ஒரு ஸ்வெட்டரே பின்னி முடித்துவிட்டார். கழுத்துப் பக்கம்தான் கொஞ்சம் அவசரம்.

"எடுத்துக்கோங்க பெரியவரே."

"தயிர் எங்கம்மா ஓடப்போகுது?"

"தயிர் ஓடாது. என் வேலை ஓடிடும்."

கால் விலை ஒட்டினாள். கை நடுங்கியது.

"நடுங்குறா பாருங்க. இன்னும் குறைப்பா" என்றாள் பட்டாளத்தில் ஒருத்தி. யாரும் அசையவில்லை.

ஐந்தரை. ஓர் அட்டையைக் கிழித்து, "ஆளுக்கு இரண்டு மட்டும்" என்று எழுதி மாட்டினாள்.

"ரெண்டுதானா? என்ன அநியாயம்!"

அவ்வளவுதான். கூடைகள் மோதின. பெரியவர் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை அடையாளம் தெரியாமலிருக்கப் பேத்தியின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். ஸ்வெட்டர் கை முழங்கையோடு நின்றது. பத்தே நிமிஷத்தில் அலமாரி துடைத்துவிட்டது போலானது.

தொட்டியில் ரொட்டியும் முட்டைக்கோஸும் மட்டும். பதினெட்டு கிலோ.

"நீ பொழைச்சேம்மா" என்றார் மேனேஜர்.

அவள் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு விட்டாள். அந்த நிம்மதியில், விலை குறைத்து விற்றது என்று, விற்றதைப் பார்த்து மறுநாள் சரக்கைத் தானே வரவழைக்கும் ஆர்டர் மெஷினில் அமுக்க வேண்டிய பட்டனை மறந்தே போனாள்.

விடிந்ததும் லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

"என்ன அண்ணே?"

"தயிர்தாம்மா. ஆயிரத்து இருநூறு டப்பா. நேத்து பிச்சுக்கிட்டுப் போச்சாமே? மெஷின் கேட்டிருக்கு. சனிக்கிழமை வரைக்கும்தான் தேதி."

டிரைவர் இறக்க இறக்க, பெட்டிகள் அவள் தலையைத் தாண்டி ஏறின. மேனேஜர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்றைய அட்டையைத் தேடி எடுத்தாள். "இரண்டு" என்பதை அடித்து, "ஒன்று" என்று எழுதினாள்.