விதைக்கு விட்ட காய்

செடியில் காம்பு மட்டும்தான் நின்றது. தில்லைநாதன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். காயைக் காணவில்லை. காயில் கட்டியிருந்த மஞ்சள் துணியையும் காணவில்லை. வெட்டின இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. பெண்சாதியின் செத்தவீட்டன்று காலை எட்டு மணிக்கு, வெள்ளவத்தையில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் மனுஷன் ஒருவர் கத்தரிக்காய் தேடி அங்குமிங்கும் ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நல்லகாலம், காகங்களைத் தவிர அங்கே வேறு ஒருவரும் இல்லை.

சாதாரணக் காய் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது அப்படியில்லை. பெண்சாதி சிவக்கொழுந்து ஐந்து வருஷமாக அந்தக் கொதிக்கிற கொங்கிறீற்றின் மேல், பெயின்ற் வாளிகளில், கத்தரி வளர்த்தாள். வளர்த்தாள் என்று சும்மா சொல்லிவிட முடியாது, பரீட்சை வைத்தாள். ஓய்வுபெற்ற ரீச்சர் அல்லவா, வகுப்பில் பிள்ளைகள் இல்லாத குறைக்குக் கத்தரிகளைப் பாஸாக்கினாள், பெயிலாக்கினாள். திருநெல்வேலி ஊதாவை வைத்தாள்; மாசி மட்டும் வாரிக் காய்த்துவிட்டு, பங்குனி வெயில் வந்ததும் பூவெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அணில் முதுகு மாதிரி வரி போட்ட லேனஇரி என்ற ஜாதியை வைத்தாள். அது வெயிலைத் தாங்கியது, கடற்காற்றின் உப்பைத் தாங்கவில்லை. வெள்ளை உருண்டை ஒன்று பூச்சிக்கென்றே பிறந்திருந்தது. கடைசியில், எந்தத் தேனீ செய்த வேலையோ, ஊதாவும் வரியும் கலந்த ஒரு செடி தானாக வந்து, சித்திரை நடுவெயிலிலும் ஒரு பூவைக்கூட உதிர்க்காமல் நின்றது. அதன் விதையை எடுத்துப் போட்டாள். வந்ததில் நல்லதை மட்டும் வைத்து, மற்றதைப் பிடுங்கி எறிந்தாள். இப்படி நாலு முறை.

ஒவ்வொரு ஜாதியையும் தனித்தனியாகப் பால்கறி வைத்து, எது எது என்று சொல்லாமல் அவருக்குப் போடுவாள். "எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். "கத்தரிக்காய் கத்தரிக்காய் மாதிரித்தான் இருக்கு" என்பார் இவர். நாற்பத்தொரு வருஷத்தில் மனுஷன் வாய் திறந்து ஒரு கறியைப் பாராட்டியது கிடையாது. அவளும் அதை எதிர்பார்க்கிற ஆள் இல்லை. அவருடைய வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பாள். இந்த வரி விழுந்த ஊதாவைச் சமைத்த அன்று அவருடைய கை கேட்காமலே இரண்டாம் முறை சட்டிக்குப் போனது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள், இதுதான் என்று.

பிறகு ஆஸ்பத்திரி. இருபத்திரண்டு நாள். இவரும் அங்கேயே கிடந்ததில் மேலே தண்ணீரில்லாமல் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. மிஞ்சியது ஒரு செடி. அதில் விதைக்கென்று விட்ட ஒரு காய். தெரியாமல் யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று தன் பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்து அதில் கட்டிவிட்டிருந்தாள்.

கடைசி நாள் மத்தியானம் அவள் கதைத்ததும் அதைப் பற்றித்தான். "இஞ்சாருங்கோ, அந்தத் துணி கட்டினதை ஒருத்தரும் ஆய விடாதேங்கோ. நல்லா மஞ்சளாப் பழுக்கட்டும். போன வருசத்து விதை ஒண்டும் மிச்சமில்லை. இருக்கிறதெல்லாம் அதுக்குள்ளைதான்."

"ஓம் ஓம். உமக்கு இப்ப கத்தரிக்காய்தான் குறை" என்றார் இவர். கன்ரீன் தேத்தண்ணி ஆறிப்போன எரிச்சலில் இருந்தார். அவள் சிரித்தாள். பின்னேரம் நினைவு தப்பியது. அடுத்த நாள் விடியப்புறம் எல்லாம் முடிந்துவிட்டது. 'ஓம்' என்று ஒழுங்காக ஒரு தரம் சொல்லியிருக்கலாமே என்று இரண்டு நாளாக அவர் நினைத்து நினைத்துப் பார்த்தார்.

படியில் தடதடவென்று இறங்கி வீட்டுக்குள் வந்தார். முன் அறையில் தமக்கை றஞ்சிதம் குத்துவிளக்குக்குத் திரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேலை நிண்ட கத்தரிக்காயை ஆர் ஆய்ஞ்சது?"

"நான்தான் ஆய்விச்சனான். ஏன்ரா?"

"ஏனோ? ஆரைக் கேட்டு?"

"மெல்லக் கதை. மஞ்சள் துணியிலை நேர்த்தி முடிஞ்சு வைச்ச காயைத் செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை விடலாமே? பிள்ளையாருக்கு நேந்திருப்பாள், பாவம். அதைக் குடுக்காமல் போனால் அவளுக்கு எப்பிடி நல்ல கதி கிடைக்கும்? நாங்கள் கொண்டுபோகேலாது எண்டுதான் மூண்டாம் மாடி ஜீவராணியிட்டைக் குடுத்து விடியக் கோயிலுக்கு அனுப்பினனான்." அக்காவின் கண் கலங்கியிருந்தது. "என்னால அவளுக்குச் செய்ய ஏலுமாயிருந்தது அது ஒண்டுதான்."

இந்த மனுஷியை என்னவென்று ஏசுவது? ஆய விடாமல் காக்கத்தான் கட்டினாள் அந்தத் துணியை. அந்தத் துணியே காயை ஆய்வித்துவிட்டது. தில்லைநாதன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

லண்டனிலிருந்து முதல் நாள் வந்திறங்கிய மகள் ரூபிகா வாசலில் மறித்தாள். "அப்பா, எங்க போறீங்கள்? பத்து மணிக்கு அம்மாவைக் கொண்டு வந்திடுவினம்."

"கோயிலடிக்கு."

"கோயிலுக்கோ? துடக்கோடயோ? கொள்ளி வைக்கிறதே நீங்கள்தானே அப்பா!"

"உள்ளுக்குப் போகமாட்டன் பிள்ளை. வந்திடுவன்."

ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. இந்த வீதியைக் கடக்கும்போதெல்லாம் சிவக்கொழுந்து அவருடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவர் உதறுவார். இப்போது நடுவீதியில், வெள்ளைக் கோட்டில், இரண்டு பக்கமும் வாகனம் சீற நின்றபோது அந்தக் கை வேண்டும் போலிருந்தது. அவ்வளவு வேண்டும் போலிருந்தது. பழக்கடைக்காரர் அவரைக் கண்டு எழும்பி, "அனே, மஹத்தயா" என்று சிங்களத்தில் துக்கம் சொல்லிக் கையைக் கூப்பினார்.

கோயில் பக்கத்து ஒழுங்கையில் மடைப்பள்ளியின் பின்கதவு திறந்திருந்தது. தில்லைநாதன் மதிலுக்கு வெளியே, எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டார். சமையல்காரர் சின்னராசா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். ஹட்டன் மலைப்பக்கத்து ஆள். இருபது வருஷமாக அங்கே சமைக்கிறவர்.

"ஐயாவா? ஜீவராணி அக்கா சொன்னாங்க. ரீச்சரம்மா போய்ட்டாங்களாமே. என்னங்க ஐயா இது, நல்லாத்தானே இருந்தாங்க!"

"சின்னராசா, விடிய ஒரு கத்தரிக்காய் வந்ததே? மஞ்சள் துணி கட்டினது?"

"வந்துச்சுங்க. சாமி பாதத்துல வச்சிட்டு ஐயரு இங்க அனுப்பிச்சாரு. ஆனா அது முத்தின காயிங்க. அறுத்தா உள்ள பூரா வெதை. கறிக்கு ஆவாதுன்னு கழிவு வாளியில போட்டுட்டேன்."

"வாளி இருக்கோ?"

"இருக்குங்க. குப்பைக்காரங்க இன்னும் வரல." சின்னராசாவின் முகம் மெல்ல மாறியது. "ஏங்கய்யா?"

"அது விதைக்கு விட்டது. அவ விதைக்கு விட்டது."

சின்னராசா உள்ளே போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாளியிலிருந்து ஆவி பறந்தது. "மன்னிச்சிக்கங்க ஐயா. இப்பத்தான் சோறு வடிச்ச கஞ்சிய அதுல ஊத்தினேன். எனக்கு என்னங்க தெரியும்?"

கொதிகஞ்சி! தில்லைநாதன் அப்படியே ஒழுங்கை ஓரத்தில் குந்தினார். வெந்த விதை முளைக்குமா என்று கேட்க இனி ஒருவரும் இல்லை. அடியில் கிடந்தவை தப்பியிருக்கலாம். பூசணித்தோல் மேலே மூடிக் காத்திருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். சின்னராசா பழைய பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்தார். தில்லைநாதன் சுடச்சுட அந்தக் குவியலுக்குள் கையை விட்டார். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கறுத்தச் சப்பாத்தோடு வேலை பார்த்த மனுஷன்.

சந்தைக் கத்தரிக்காயின் பிஞ்சு விதைகளும் அதற்குள் கிடந்தன. அவை வெளிறி, நசுங்கின. இவளுடையது தடித்து, மண்ணிறமாக, விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒன்று. பிறகு இரண்டு. கண்ணாடியை எடுத்துவர மறந்துபோனார். எல்லாம் மங்கலாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார்.

சின்னராசாவும் எதிரே குந்தினார்.

"வேண்டாம் தம்பி. துடக்குக்காரன் தொட்டதைத் தொட்டால் நீர் தலைமுழுகாமல் உள்ளுக்குப் போகேலாது."

"முழுகிக்கலாம்ங்க. தண்ணிக்கா பஞ்சம்? ரீச்சரம்மா போன தைப்பூசத்துக்கு அன்னதானத்துக்குன்னு ஒரு பை கத்தரிக்காய் குடுத்தாங்க. அன்னைக்குச் சட்டி வழிச்சு வச்சாப்பில காலியாச்சு. இந்த ஜாதிதானே அது?"

"இதுதான்."

"சொல்லவே இல்லீங்களே அவங்க."

"சொல்லமாட்டா" என்றார் தில்லைநாதன். "ருசியைப் பற்றி நான் தன்னட்டை ஏதும் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பா. நான் சொல்லேல்லை."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு தோல்களைப் புரட்டினார்கள். மேலே கிடந்தவற்றைச் சின்னராசா நகத்தால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒதுக்கினார். அடியில் கிடந்தவற்றை மட்டும் எடுத்து, தில்லைநாதனின் இடது உள்ளங்கையில் தொடாமல் போட்டார். கடலோரமாகப் பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போனது. அப்போதுதான் நேரம் பத்தைத் தாண்டிவிட்டதென்று அவருக்கு உறைத்தது.

அவர் திரும்பி வந்தபோது பிரேதத்தைக் கொண்டுவந்த மலர்ச்சாலை வாகனம் கட்டடத்தின் வாசலில் நின்றது. கீழே, கார் நிறுத்துகிற இடத்தில், வாங்குகளின் மேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்திருந்தார்கள். பெண்கள் அழுது ஓய்ந்திருந்தார்கள். குருக்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கையடா போனனி?" அக்கா சீறினாள். "சனம் என்ன கதைக்குது தெரியுமே? கஞ்சித் தண்ணியும் பூசணித்தோலுமா வந்து நிக்கிறாய்!"

"முழுகிட்டு வாறன்" என்றார்.

இடது கையைப் பொத்திப் பிடித்தபடி, வலது கையால் மட்டும் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியவில்லை. ரூபிகா வந்து தகப்பனுக்கு வேட்டியைச் சுற்றிவிட்டாள். "கையிலை காயமோ அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

கிரியை தொடங்கியது. தர்ப்பை போட வலது கையை நீட்டினார். தண்ணீர் விடச் சொன்னபோதும் வலது கைதான். "ஐயா, இடக்கையையும் சேருங்கோ" என்று குருக்கள் இரண்டு தரம் சொன்னார். இவர் கேட்காதவர் மாதிரி நின்றார். பாரிசவாதமாக்கும், ஒரு பக்கம் இழுத்துவிட்டதாக்கும் என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள்.

வாய்க்கரிசி நேரம் வந்தது. மகள் போட்டாள், அக்கா போட்டாள், உறவுப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். கூறைச் சீலையில் சிவக்கொழுந்து கிடந்தாள். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டார்கள். அவள் இப்படி வைக்கமாட்டாள். வலது கையால் அரிசியை அவள் உதட்டருகே விட்டார். விட்டுவிட்டு நிமிரவில்லை. இன்னும் குனிந்தார்.

"இஞ்சாரும்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

இடது கையை அவளுடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திறந்தார். உள்ளங்கை கொதிகஞ்சியில் சிவந்திருந்தது. நடுவில் ஒரு சிட்டிகை விதை, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. எது உயிரோடு இருக்கிறது, எது வெந்தது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு விதைகள் விரலிடுக்குக்குள் போயிருந்தன. அவற்றைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி, அவளுக்குத் தெரிகிற மாதிரி நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"போதும் ஐயா, மூடவேணும்" என்றார் குருக்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, அவ பாக்கட்டும்" என்றார் தில்லைநாதன். கையை எடுக்கவில்லை.