விட்ட இடத்திலிருந்து அழுகிறவள்

"அதே அழுவதான்டி. ஏழு மணி சீரியல்ல வருமே, அந்த அழுவ."

"மெதுவா பேசு, காதுல வுழப்போவுது."

"வுழட்டுமே. பெத்தவ செத்துக் கெடக்கறா, மூக்குல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு."

பந்தலில் பேசிக்கொண்ட இரண்டு பெண்களும் குரலைத் தாழ்த்திவிட்டதாகத்தான் நினைத்தார்கள். காசியம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

பதினேழு வயதில், திருக்கோவிலூருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு போனவள். அங்கே சுபஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். ராணியானாள், பிச்சைக்காரியானாள். பிறகு சென்னை. சினிமாவில் நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் ஒருத்தி. எல்லாப் படங்களிலும் அவள் முகம் தெரிந்த நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு பாட்டின் நீளம் வராது. கடைசியில் அவளிடமிருந்து குரலை மட்டும்தான் சென்னை எடுத்துக்கொண்டது. எங்கோ வடக்கே, இந்தி சீரியலில் ஒரு நடிகை உதட்டை அசைப்பாள். காசியம்மாளின் குரல் போய் அந்த வாய்க்குள் குடியேறிக்கொள்ளும்.

டப்பிங்கில் அழுவதற்கு ஒரு முறை இருந்தது. மூக்கை உறிஞ்சினால் மைக்கில் அடிக்கும். வளையல் சத்தம் கேட்கக் கூடாது, அதனால் கைகள் பின்னால். நடுவில் வேறு சத்தம் வந்தால் அழுகையை நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படியே அழுது அழுது, வேறு மாதிரி அழ முடியும் என்பதே அவள் உடம்புக்கு மறந்துவிட்டது.

"யம்மா, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே..." என்று அவள் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பார்த்து மறுபடி தொடங்கியபோது சாவு மேளம் எழுந்தது. சட்டென்று நிறுத்தினாள். மேளம் ஓய்ந்ததும், "போயிட்டியே..." என்று அதே சுருதியில் பிடித்தாள்.

"கட் சொல்லிட்டாங்களாட்டம் கீது," என்றாள் பந்தலில் இருந்த ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னத்தில் இறங்கிய சூடு உண்மையானது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டியின் தலைமாட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை முட்டி அழுதுகொண்டிருந்தார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து யாரோ தூரத்து உறவுக்காரி மாலையோடு வந்தாள். உடனே இரண்டு கைகள் விரிந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டன. காலையில் காசியம்மாள் வந்தபோது அந்தக் கைகள் விரியவில்லை. "வாங்க, வாங்க," என்றார்கள். ஆண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

அண்ணன் மனைவி பாப்பாத்தி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது காசியம்மாள் கேட்டாள்: "கடைசில அம்மா என்னக் கேட்டுச்சா, அண்ணி?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? தெனம் சாயங்காலம் நீதான் டிவில வந்துடுவியே. 'காசி வந்துட்டா, சத்தம் ஜாஸ்தியா வையி'ன்னும். உங்கிட்ட பேசிக்கினேதான் சோறு துன்னும்." பாப்பாத்தி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நீ வரலன்னு ஒருநாளும் தோணலம்மா எங்களுக்கு."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் காசியம்மாளைக் குத்தியது. இந்த வீட்டுக்குள் தினமும் அவளுடைய குரல் வந்து உட்கார்ந்து, அம்மாவோடு சாப்பிட்டிருக்கிறது. அதே நேரத்தில் அவள் சென்னையில், தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்காமல் டிவியை அணைத்துவிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டு அவள் குரல் மட்டும் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

மேற்கே கல்வராயன் மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் சின்னதுரை வந்து, "மழ வர்றதுக்குள்ள எடுத்துடலாம்," என்றார். இந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெட்டியைத் திறந்து அம்மாவைப் பாடையில் வைத்ததும் வட்டம் கலைந்துவிடும். அவரவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு அவள் யாரோடு அழுதாலும் அது தனியாக அழுததுதான்.

பெண்கள் கடைசியாக ஒருமுறை இறுகிக்கொண்டார்கள். முதுகுகள் சுவர்போல ஒட்டியிருந்தன. காசியம்மாள் அந்தச் சுவரைச் சுற்றி நடந்தாள். ஓர் இடத்தில் இடைவெளி தெரிந்தது. அவள் குனிவதற்குள் இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை. நாற்காலியில் உட்கார வேண்டியவர் தரையில் உட்காருவார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மேளம் வேகம் பிடித்தது. வட்டத்துக்குத் திரும்பியிருந்த பாப்பாத்தியின் பின்னால் அவள் மண்ணில் மண்டியிட்டாள். மூக்கிலிருந்து ஒழுகி உதட்டில் உப்புக் கரித்தது. துடைக்கவில்லை. இந்த முறை மேளம் ஓயும்வரை காத்திருக்கவும் இல்லை.

"அண்ணி... யண்ணி... என் தோள்மேல கொஞ்சம் கை போடேன்."