ஆயிரத்து இருநூறு

அந்த ஆஸ்பத்திரி யூனிட்டில் யாரும் "பார்க்கவில்லை" என்று சொல்வதில்லை. சொன்னால் பெரிய டாக்டர் கட்டில் பக்கத்திலேயே நிறுத்தி, நோயாளி, நோயாளியின் சொந்தபந்தம், தரை துடைப்பவர் அத்தனை பேர் முன்னாலும் கால் மணி நேரம் வறுத்தெடுப்பார். பொது மருத்துவத்தில் மேல்படிப்புக்கு வந்த பிள்ளைகள் மூன்று வருஷத்தில் நோயைப் படிக்கிறார்களோ இல்லையோ, வாய்க்கு வந்த எண்ணைக் கண் இமைக்காமல் சொல்லப் படித்துவிடுகிறார்கள். பிழைக்க வேண்டாமா?

அக்காவும் அப்படிப் பிழைத்தவள்தான். மூன்றாம் வருஷம்; யூனிட்டிலேயே மூத்த பயிற்சி டாக்டர். நர்ஸ்கள் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. சொந்தத் தம்பி மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்; அவனைப் பார்த்தே நாலு மாதம் ஆகிறது. அன்று காலை எட்டரைக்கு ரவுண்ட்ஸ் தொடங்கியபோது அவள் வீட்டை விட்டு வந்து இருபத்தாறு மணி நேரம். கால் வீங்கி, செருப்பு கடித்தது. ரவுண்ட்ஸ் முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அவள் மனசில் வேறு எதுவும் இல்லை, மருத்துவம் உட்பட.

பதினான்காம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, சிறுநீரகம் அடிபட்டு வந்தவர். மூன்று நாளாக டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. வெளியே வராமல் உள்ளே மட்டும் போனால், அது நுரையீரலில் போய்த் தேங்கும்.

பெரிய டாக்டர் முதல் வருஷ டாக்டரைப் பார்த்தார். யூனிட்டுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்ததால் அவனுக்குப் 'புதுசு' என்று பெயர்.

"நேத்து காலையிலேர்ந்து யூரின் எவ்வளவு?"

"ஆயிரத்து இருநூறு எம்.எல். சார்."

சுத்தப் பொய். அக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டிரைவருக்குப் போட்டிருந்த சிறுநீர்க் குழாயை முந்தின நாள் காலையில் எடுத்ததே அவள்தான். அதனால் அளக்கப் பை கிடையாது. அளவுக் குவளை ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்து, ஒவ்வொரு தடவையும் எழுதும்படி நர்ஸிடம் சொல்லியிருந்தாள். முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். தாளில் ஒரு எழுத்தும் இல்லை. போதாததற்கு, அந்த எண்ணே அவளுடையதுதான். ஆயிரம் என்றால் வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். ஆயிரத்து ஐநூறு என்றால் மேல்கேள்வி வரும். ஆயிரத்து இருநூறு என்றால் மனுஷர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். முதல் வருஷத்தில் அவள் கண்டுபிடித்து, டீ குடிக்கும்போது சிரிக்கச் சிரிக்கச் சொன்னது, கைமாறிக் கைமாறிப் புதுசு வரை வந்திருந்தது.

பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். யூரின் நன்றாகப் போகிறது, டிரிப்ஸ் இதே வேகத்தில் ஓடட்டும் என்றார்.

அக்கா வாயைத் திறந்திருக்கலாம். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். புதுசுக்கு ஒரு அர்ச்சனை, பிறகு அவளுக்கு ஒரு அர்ச்சனை, அப்புறம் எல்லாக் கட்டிலின் எண்களையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்வார். மத்தியானம் ஆகிவிடும். ரவுண்ட்ஸ் முடிந்ததும் தானே வந்து டிரிப்ஸை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டாள். இன்னும் பதினாறு கட்டில் பாக்கி இருந்தது.

பதினொன்றேகாலுக்கு ரவுண்ட்ஸ் முடிந்தது. இரண்டு கேஸ் ஷீட்டை எழுதிவிட்டுப் பதினான்காம் கட்டிலுக்குப் போகலாம் என்று டூட்டி அறையில் உட்கார்ந்தவள், பேனாவும் கையுமாக மேஜையில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தாள். புதுசு வந்து தோளை உலுக்கியபோது மணி பன்னிரண்டரை.

"அக்கா, பதினாலாம் பெட்டு... மூச்சு விட முடியல அவருக்கு."

ஓடினாள். டிரைவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உலை கொதிக்கிற சத்தம். டிரிப்ஸை நிறுத்தினாள், ஆக்ஸிஜன் மாட்டினாள், நீரை இறக்கும் ஊசியைப் போட்டாள், டயாலிசிஸ் அறையைத் தயார் செய்யச் சொன்னாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. புதுசு அழுதுகொண்டே கட்டிலைத் தள்ளினான். பிழைப்பாரா மாட்டாரா என்று அடுத்த மூன்று மணி நேரமும் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றரைக்குத்தான் உயிர் வந்தது, அவருக்கும் அவளுக்கும். இரண்டரை லிட்டர் நீர் எடுத்தாயிற்று, மனுஷர் பேசுகிறார், குடிக்கத் தண்ணீர் வேறு கேட்கிறார் என்று சொல்லி டயாலிசிஸ் நர்ஸ் சிரித்தார். பெரிய டாக்டர் போனில் கேட்டபோது, யூரின் அளவு தப்பாகிவிட்டது என்று அக்கா சொன்னாள். யாருக்கு எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் அதை விழுங்கிவிட்டாள்.

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஆபத்து தாண்டிவிட்டது என்று அக்கா சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். பையை நகர்த்தி இடம் கொடுத்து, முகமெல்லாம் வாடிக் கிடக்கிறதே, உட்காரும்மா என்றார். அக்கா உட்கார்ந்தாள். அந்த அம்மா, எல்லாம் தன் தப்புதான் என்றார். நேற்றிலிருந்து கணவர் மூன்றே தடவைதான் சிறுநீர் போனாராம், குவளையின் அடி நனையும் அளவுக்கு. யாரும் கேட்காவிட்டாலும் அந்த அம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்: அறுபது, ஐம்பது, நாற்பது.

"அந்தத் தம்பி ஆயிரத்து இருநூறுன்னு சொன்னப்போ எனக்குத் திக்குனு இருந்துச்சு. படிச்சவங்க கணக்கு வேற மாதிரி போலன்னு வாயை மூடிக்கிட்டேன். நான் அப்பவே சொல்லியிருந்தா இவருக்கு இப்படி ஆயிருக்காதுல்ல?"

சில உடம்பு இப்படித்தான், யார் தப்பும் இல்லை என்று ஒரு வாக்கியம் அக்காவிடம் எப்போதும் தயாராக இருக்கும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இந்த அம்மாவும் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்க தப்பு இல்லம்மா. அவன் சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும்."

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"தெரியுமா? அப்புறம் ஏன்மா சொல்லல?"

பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று அக்கா தேடினாள். பெரிய டாக்டர் மேல் பயம், புதுசு மேல் பாவம், முப்பது கட்டில், ஆள் பற்றாக்குறை. எல்லாம் உண்மைதான். ஆனால் காலையில் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது இதில் ஒன்றுகூட அவள் மனசில் இல்லை.

"தூக்கம் வந்துச்சும்மா," என்றாள்.

அந்த அம்மா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பையைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, டயாலிசிஸ் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.