நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

நூலகத்தில் இருந்த ஐந்து பிரதிகளையும் மேசைமேல் அடுக்கி, முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, ப்ரான்வின் டக்கெட் அவற்றின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரமாக ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. கைபட்ட தாள்களின் ஓரம் சாம்பல் நிறமாகிவிடும், படாதவை வெள்ளையாகவே இருக்கும். ஐந்திலும் சாம்பல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தது. யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல.

“புத்தகத்த விட்டுட்டு அழுக்க வாசிக்கிறியா, ப்ரான்?” என்று கதவில் சாய்ந்தபடி டெஸ் கேட்டான். அடுத்த அறைக்காரன், வானியல் நடத்துபவன்.

“அழுக்கு பொய் சொல்லாது, டெஸ்.”

“நாலு மணிக்குள்ள பாடநூல் பட்டியல் போகணும். அந்தச் சின்னப் புத்தகத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. செங்கல்லுக்கு உன்னத் தவிர யாரு அழப்போறா?”

செங்கல் என்பது மாணவர்கள் வைத்த பெயர். எழுநூறு பக்கம். அவள் அணுக்கருவையும் துகள்களையும் படித்தது அதில்தான். பதினோரு வருடமாக மூன்றாம் ஆண்டுக்கு நடத்துவதும் அதை வைத்துத்தான். போன வருடம் பதினான்கு பேர் சேர்ந்தார்கள், தேர்வு எழுதியவர்கள் ஐந்து பேர். இந்த முறை எட்டுப் பேராவது முடிக்காவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவோம் என்று துறைத்தலைவர் மிகப் பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மேசையின் மறுபுறம் சின்னப் புத்தகம் கிடந்தது. நீல அட்டை, வண்ணப் படங்கள், எச்சரிக்கைகளுக்கெல்லாம் மஞ்சள் பெட்டி. நல்ல புத்தகம்தான். அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

டெஸ் போனபின், சாம்பல் நின்ற இடத்தில் முதல் பிரதியைத் திறந்தாள். பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. சோடியம் இருபத்திரண்டு சிதைந்து ஒரு பாசிட்ரானை வெளியே அனுப்புகிறது. வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிடுக. ஓரத்தில் பென்சிலால் 2.84 என்று எழுதி அடித்திருந்தது. இரண்டாவது பிரதியில் வேறு கையெழுத்து, அதே 2.84. மூன்றாவதில் மூன்று முறை அழித்து, தாள் பஞ்சாகி, மறுபடியும் 2.84. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதுவே. புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டிருந்த விடையோ 1.82.

வகுப்பில் அந்தக் கணக்கை அவள் ஒருநாளும் போட்டதில்லை. ‘இது சுலபம், வீட்டில் போட்டுப் பாருங்கள்’ என்று பதினோரு வருடமும் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு தாளை எடுத்து, புத்தகத்தின் கடைசி அட்டவணையிலிருந்து நிறைகளை எழுதிக் கழித்தாள். 2.84 வந்தது.

இன்னொரு முறை கழித்தாள். அதுவே வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையுச்சியில் பனி. மேகம் அதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. பிறகு பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற அடிக்குறிப்பு: அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை, எலக்ட்ரான்களும் சேர்த்து. நூற்று நாற்பத்து மூன்றில் இருந்த சமன்பாடு அணுக்கருவை மட்டும் கேட்கிறது. கணக்கில் இரண்டு எலக்ட்ரான்கள் கூடுதலாக உட்கார்ந்திருந்தன. யாருடைய தப்பும் இல்லை. ஒரு குறிப்புக்கும் ஒரு கணக்குக்கும் நடுவில் எண்பத்திரண்டு பக்கம், அவ்வளவுதான். போன வருடம் முடித்த ஐந்து பேரும் ஒரே மேசையில் சேர்ந்து படித்தவர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐவரில் ஒருவர் கண்ணிலாவது அந்தக் குறிப்பு பட்டிருக்கும்.

மூன்றாவது பிரதியின் 2-க்கு நீண்ட வால் இருந்தது. அந்த வாலை அவள் விடைத்தாள்களில் பார்த்திருக்கிறாள். மார்னி. போன வருடம் ஏழாவது வாரம் பாடத்தை விட்டவள். இப்போது கீழே காப்பிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

மணி மூன்றரை. அந்தப் பிரதியோடு இறங்கிப் போனாள். கடையில் கூட்டமில்லை.

“ஐயோ, செங்கல்லா?” என்றாள் மார்னி. “அத என் பக்கம் கொண்டுவராதீங்க ப்ரான்வின், பால் திரிஞ்சிடும்.”

“ஏன் விட்ட?”

மார்னி கோப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். “ஒரு கணக்கு. ராத்திரி பகலா போட்டேன். எப்பவும் ஒண்ணு கூடுதலாவே வந்துச்சு. நீங்க சுலபம்னு சொன்னீங்க. சுலபமானதே வரலன்னா, நமக்கு இது இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ப்ரான்வின் தன் தாளைப் பிரித்து நீட்டினாள்.

“யாரு போட்டது?”

“நான். இன்னிக்கு மத்தியானம்.”

மார்னி அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “உங்களுக்குமா?”

“அஞ்சு புத்தகத்துலயும் இதே விடதான். எல்லாரும் தனித்தனியா உட்கார்ந்து.” ப்ரான்வின் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தாள். “சுலபம்னு சொன்னது என் தப்பு. இந்த வருஷம் இதுக்குப் பதிலா ஒரு நீலப் புத்தகத்தப் போடச் சொல்றாங்க.”

“அந்த நீலப் புத்தகத்துல?”

“பெட்டி போட்டு முன்னாடியே சொல்லிடுவாங்க. யாரும் மாட்டிக்க மாட்டாங்க.”

“ம்.” மார்னியின் கண் தாளிலேயே இருந்தது. “அப்ப அந்த ஒண்ணு எங்கேருந்து வருது? இருங்க, இருங்க, சொல்லிடாதீங்க.”

ப்ரான்வின் வாயை மூடிக்கொண்டாள். கைப்பேசியில் படிவம் திறந்திருந்தது. ‘பாடநூல்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. நான்காக இன்னும் பன்னிரண்டு நிமிடம். மார்னி காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டவணைக்குப் போய், திரும்பி, முந்தைய பக்கங்களில் எதையோ தேடினாள். பின்னால் பால் பொங்கி இயந்திரத்தின்மேல் வழிந்தது. அவள் திரும்பவில்லை. தேடிக்கொண்டே நூற்று நாற்பத்து மூன்றைத் தாண்டியும் ஒரு தாளைப் புரட்டினாள். வெள்ளையாக இருந்த அதன் ஓரத்தில், காப்பித்தூள் ஒட்டிய ஈரக் கட்டைவிரலின் தடம் பழுப்பாகப் பதிந்தது.