உங்க இஷ்டம்

முதலில் மரமல்லி மரம் வரும், அப்புறம் மஞ்சள் சுவர், அப்புறம் அந்த நீல ஜன்னல், ஊரப்பாக்கம் தாண்டி வண்டலூருக்குள் நுழையுமுன் வண்டி கொஞ்சம் மெதுவாகிற இடத்தில், மகளிர் பெட்டியின் ஓரத்து இருக்கையிலிருந்து பார்த்தால் சரியாகப் பதினோரு நொடி, அதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும், கொடியில் என்ன காய்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறதா, அடுப்படியில் யாராவது நிற்கிறார்களா, இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், எதிர் இருக்கைப் பூரணிகூட ஒருநாள் கேட்டாள், அப்படி யாருக்கா இருக்காங்க அங்க, தெனமும் கழுத்த ஒடிச்சுக்கிட்டுப் பாக்கறீங்க, தெரிஞ்சவங்க வீடுடி என்று சொல்லிவைத்தேன், அது ஒன்றும் முழுப் பொய்யில்லை, அந்த வீட்டை எனக்குத் தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அதன் அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

அப்போது என் மகள் மதிவதனிக்கு மூன்று வயது, அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டும், எனக்கு எழும்பூரில் வேலை, என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்குச் சைதாப்பேட்டையில், மூன்று வாடகை வீடு மாறியாயிற்று, மூன்றிலும் அடுப்புக்கு நேர் எதிரே சுவர்தான், குழம்பு கொதிக்கிற வரை கரிபிடித்த அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், இனிச் சொந்தமாகவே ஒன்று பார்த்துவிடலாம் என்று தரகர் அந்தோணிசாமியோடு வெயிலில் அலைகிறோம், அவர் எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டுத்தான் பாடுவார், நடக்கிற தூரந்தான் சார், கண்ண மூடித் தொறந்தா ஸ்டேஷன், இவர் அதை நம்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை தானே நடப்பார், தனியாக ஒரு தடவை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, ஒரு கோடு போட்ட தாளில் நிமிஷங்களைக் குறித்துக்கொள்வார், நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அந்த மஞ்சள் வீட்டின் அடுப்படிக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்தேன், மரமல்லிப் பூ இரண்டு உள்ளே விழுந்தது, கீழே தண்டவாளம், அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி போகிறது, கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, எனக்கு உள்ளுக்குள் என்னவோ ஆகிவிட்டது, இங்கே நின்று நான் சமைக்கிறேன், சாயங்காலம் அவர் வருகிற வண்டி இந்த வழியாகத்தான் போகும், குழந்தை கையசைப்பாள், எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்து எனக்கு ஞாபகம் மட்டும் வருவதுபோல் இருந்தது.

ஆனால் அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இருபத்தாறு நிமிஷம், நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி பக்கத்தில் ஒன்றுமில்லை, நடுவில் ரயில்வே கேட் வேறு, கூடுவாஞ்சேரியில் பார்த்த வீட்டுக்கோ ஸ்டேஷன் ஆறு நிமிஷம், பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. ஊரப்பாக்கம் பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இவர் தாளை மடியில் விரித்துக்கொண்டு கேட்கிறார், நீ என்ன சொல்றே, எதை எடுக்கலாம், நான் குழந்தையின் செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டே சொல்கிறேன், உங்க இஷ்டம். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன், புடவைக் கடையிலிருந்து பெண் பார்க்கிற இடம் வரை எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லலாம், சொன்னால் நல்ல பெண் என்பார்கள், ஆனால் அன்றைக்கு நான் சொன்னதற்கு அர்த்தம் அதுவல்ல, என்னை இன்னொரு தடவை கேளுங்கள் என்பதுதான் அர்த்தம். அவர் கேட்கவில்லை, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வண்டி வந்துவிட்டது.

கூடுவாஞ்சேரி வீட்டைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவுமில்லை, அதுதான் சங்கடமே, ஸ்டேஷன் ஆறு நிமிஷம் என்றால் ஆறேதான், மழையில் ஏழு, பள்ளிக்கூடம் அருமையான பள்ளிக்கூடம், மதி நன்றாகப் படித்தாள், அவர் போட்ட கணக்கில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை, அடுப்படியில் ஜன்னல்கூட இருந்தது, திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய். பள்ளி லீவு நாளில் மதியை என் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால் மடியில் உட்காரவைத்து நீல ஜன்னலைக் காட்டுவேன், யாரும்மா வீடு அது, நம்ம வீடுடா கண்ணு, அப்ப ஏன் நாம அங்க இல்ல, எண்ணு எண்ணு, போயிடப்போவுது, அவள் ஒண்ணு ரெண்டு என்று எண்ணுவாள், அவள் எண்ணக் கற்றுக்கொண்டதே அங்கேதான், பள்ளியில் டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார், நல்லா சொல்றா, பதினொண்ணு வந்ததும் டக்குனு நிறுத்திடறா, ஏன்னு தெரியல, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. சில ராத்திரி அந்த வீட்டில்தான் தூங்குகிறேன், அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டு நிற்கிறேன், வண்டி வருகிறது, ஓரத்து இருக்கையில் ஒருத்தி கழுத்தை ஒடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், பாவம் யார் பெற்ற பெண்ணோ என்று நினைக்கிறேன், வண்டி போன பிறகுதான் தெரிகிறது அவள் கட்டியிருந்தது என் புடவை.

அவர் ஓய்வு பெற்ற நாள், விழாவுக்கு நானும் போயிருந்தேன், திரும்பும்போது கூட்டமில்லாத பொதுப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறோம், பையில் மாலை, மடியில் அலுவலகத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரம், வண்டலூர் தாண்டுகிறது, நான் பழக்கத்தில் திரும்புகிறேன், அவரும் திரும்புகிறார், நீல ஜன்னல் போகிறது, மஞ்சள் சுவர் போகிறது, அவர் சாதாரணமாகச் சொல்கிறார், இந்த வீட்டையே எடுத்திருக்கலாம், எனக்கு அன்னிக்கே ரொம்பப் புடிச்சுது, நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன், நீதான் வாயே தெறக்கல, சரி உனக்குப் புடிக்கல போலிருக்குன்னு விட்டுட்டேன். கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அவர் முகத்தையே பார்க்கிறேன், வேட்டியில் சந்தனக்கறை, காதோரம் வியர்வை, இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன், அவரும் தினமும் இதே வழியில் வேறு பெட்டியில் உட்கார்ந்து இதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார், எனக்கும் புடிச்சுதுங்க என்று சொல்லியிருக்கலாம், சொல்லாமல், எறங்கணும், மாலைய எடுத்துக்குங்க என்றேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, அதை இன்னும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதி கூப்பிடுகிறாள், பெருங்களத்தூர்ல ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம், நீயும் வாயேம்மா, அவள் பையனுக்கு இப்போது மூன்று வயது. முதல் வீடு பெரிய குடியிருப்பில், வாசலிலேயே பள்ளிக்கூடம், கம்பெனி பஸ் கேட்டில் வந்து நிற்கும், இரண்டாவது கொஞ்சம் பழசு, தண்டவாளத்தை ஒட்டி இரண்டாம் மாடி, பள்ளிக்கூடம் போக அரைமணி நேரம். மாப்பிள்ளை அகிலன் தங்கமான பிள்ளை, போனில் நிமிஷங்களை எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டுவைத்திருக்கிறார், அத்தை இதப் பாருங்களேன் என்று காட்டுகிறார், எனக்குக் கோடு போட்ட தாள் தெரிகிறது, நாலாக மடித்த மடிப்பு தெரிகிறது, அந்தப் பழைய வீட்டின் அடுப்படியில் மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அகிலன் கேட்கிறார், என்ன மதி, அந்த மொத வீட்டையே முடிச்சிடலாமா, அவள் குனிந்து பையனின் செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டே சொல்கிறாள், உன் இஷ்டம். 'ங்க' மட்டும் போயிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, செருப்பு வார் முதற்கொண்டு. சரி அப்ப அட்வான்ஸ் குடுத்துடறேன் என்று அவர் படிப்பக்கம் திரும்புகிறார், என் வாய் எனக்கு முன்னால் திறந்துகொண்டது, மாப்பிள்ளை, கொஞ்சம் நில்லுங்க, இன்னொரு தடவ கேளுங்க அவள. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்க்கிறார், சொல்லிட்டாளே அத்தை என்கிறார், சொல்லல, எங்க வீட்டுல அதுக்குப் பேரு சொல்றது இல்ல, கேளுங்க.

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவளிடம் வந்து நின்றார், உனக்கு எது வேணும் மதி, அவள் என்னைப் பார்த்தாள், சொல்லுடி சொல்லுடி என்று உள்ளுக்குள் கத்துகிறேன், எனக்கு இதுதான் வேணும் அகி, ஸ்கூல் தூரம்தான், தெரியும், ஆனா இதுதான் வேணும். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல என்று சிரிக்கிறார், அவ்வளவுதான், இவ்வளவு சுலபம், எனக்கு அழுகை வந்தது, என்னங்க, கேட்டீங்களா, எனக்கும் புடிச்சுதுங்க. கண்ணாடி கடகடவென்று ஆடத் தொடங்கியது, மதி ஜன்னலை அகலத் திறந்து பையனைத் தூக்கிக்கொண்டாள், கீழே வண்டி வருகிறது, மகளிர் பெட்டியின் ஓரத்தில் யாரோ ஒருத்தி கழுத்தை ஒடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறாள், நான் கையசைக்கிறேன், எண்ணு எண்ணு என்கிறாள் மதி, அவளே எண்ணுகிறாள், ஒண்ணு, ரெண்டு, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, ஒம்பது, பத்து, பதினொண்ணு, நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அவள் நிறுத்தவில்லை, பன்னெண்டு, பதிமூணு.